மீன், நண்டு, சிப்பி போட்ட பழைய பீங்கான்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

பினாங்கில் இருந்தால் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பலர் கடையைக் கட்டிவிடுவார்கள். கோலாலம்பூர் பக்கம் என்றால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக் கடைசியில் பழஞ்சாமான் சந்தை கூடும். இணையத்தில் அப்புறம் வாங்கலாம், முதலில் கை பழகட்டும்.

சரி, ஒரு சாமான் பிடித்திருக்கிறது. மீனின் அழகைப் பார்க்காமல் உடனே கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' (Occupied Japan) என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடியும் வரை ஏற்றுமதியான சரக்கு. ஆனால் முத்திரையைப் போலியாகவும் போடுவார்கள், அதனால் அடிவளையத்தைத் தடவுங்கள்: பல வருஷம் மேசையில் உரசியது ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்கும், சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து விரல் நுனியை நண்டுக் கொடுக்கு, மீன் துடுப்பு, சங்கின் விளிம்பு எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். துருத்திக்கொண்டிருப்பதுதான் முதலில் உடையும், ஒட்டிச் சாயம் பூசி மறைப்பதும் அங்கேதான். சின்ன புறஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால், இருட்டான மூலையில் அடித்துப் பார்க்கும்போது புதுப் பசையும் சாயமும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சுண்டிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும், ஆனால் மஜோலிகா (புடைப்பு உருவங்கள் மேல் பளபளக்கும் வண்ண மெருகு பூசியது) மண்பாண்ட வகை என்பதால் விரிசல் இல்லாததுகூட மொத்தையாகத்தான் சத்தம் போடும்.

இந்த மஜோலிகாவை 1851 லண்டன் கண்காட்சியில் மின்டன் நிறுவனம் காட்டிய பிறகு, சிப்பியும் கடற்பாசியும் புடைத்து நிற்கும் தட்டுகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளமாக வந்தன. போர்ச்சுகலின் போர்டாலோ பின்யெய்ரோ நிறுவனம் 1884-இல் தொடங்கியது, மீனும் இறாலும் இன்றும் செய்கிறார்கள், ஆகவே அந்தப் பெயரைக் கண்டதும் பழசு என்று காசைக் கொட்டாதீர்கள்.

விலை கேட்டால் சிரித்துக்கொண்டே "கூராங் சிக்கிட் போலே?" (கொஞ்சம் குறைக்கலாமா?) என்று மலாயில் போடுங்கள். விரிசலைக் காட்டினால் இன்னும் சில வெள்ளி இறங்கும்.

வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான தூரிகை போதும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்புத் திரவம் கூடவே கூடாது, மெருகின் மயிரிழை விரிசல் வழியாக உள்ளே போய் மெருகையே உரித்துவிடும். நம்ம ஊர் ஈரத்துக்கு நன்றாகக் காயவிட்டுத்தான் அலமாரியில் அடைக்க வேண்டும். பழைய மஜோலிகா மெருகில் ஈயம் உண்டு, மீன் படம் போட்டிருக்கிறதே என்று அதில் மீன் குழம்பு ஊற்றிவிடாதீர்கள், புளி ஈயத்தை இழுத்துவிடும்.