நலன்புரி நாடுகளில் உங்கள் உரிமை எங்கே தொடங்குகிறது

நோர்வேயும் டென்மார்க்கும் சோசலிச நாடுகள், எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வருபவர்கள் முதல் வருடத்திலேயே காசை இழக்கிறார்கள். இவை சந்தைப் பொருளாதாரங்கள். ஈக்குவினோர் எண்ணெய் நிறுவனத்தில் நோர்வே அரசுக்கு 67% பங்கு உண்டு. ஆனாலும் அங்கே பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே இல்லை. துப்புரவு, கட்டடம், உணவகம் போன்ற சில துறைகளுக்கு மட்டும் குறைந்தபட்ச மணிக்கூலி கட்டாயம். கையெழுத்திடும் முன் உங்கள் துறைக்கு அது உண்டா என்று பாருங்கள்.

நோர்வேயில் முதலில் செய்யவேண்டியது, வரி அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டோடும் வேலை ஒப்பந்தத்தோடும் நேரில் போவது. எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் வரி அட்டை இல்லாவிட்டால் சம்பளத்தில் 50% பிடிப்பார்கள். கூடப் பிடித்தது பிறகு திரும்பும், ஆனால் அடுத்த ஆண்டுக் கணக்கு முடியும்வரை காத்திருக்க நேரலாம். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் குடிபெயர்வையும் சேர்த்துப் பதிந்து 11 இலக்கப் பிறப்பு எண்ணை, அதாவது நிரந்தர அடையாள எண்ணைப் பெறுங்கள். தற்காலிக அடையாள எண்ணான டி-நம்பரோடு நின்றுவிட்டால் குடும்ப வைத்தியர் கிடைக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்து நான்கு வாரம் ஆனபின் நோய் வந்தால், ஓர் உச்சவரம்புக்குள் முழுச் சம்பளம் ஒரு வருடம்வரை உண்டு: முதல் 16 நாள் முதலாளி, பிறகு நாவ் என்னும் அரசின் வேலை, நலன்புரி அலுவலகம். வேலையிழப்புக் காப்புறுதியும் தானாகவே உண்டு; அதற்குப் போதிய சம்பளம் முன்பு உழைத்திருக்க வேண்டும். வேலை போன முதல் நாளே நாவில் பதியுங்கள். அதன்பின் வேலை செய்தீர்களா இல்லையா என்று சொல்லும் அறிக்கை அட்டையை 14 நாளுக்கு ஒருமுறை நாவுக்கு அனுப்பவேண்டும். பலருக்குக் காசு நிற்பது இந்த அட்டையை மறப்பதால்தான்.

டென்மார்க்கில் அப்படியில்லை, இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். வேலையிழப்புக் காப்புறுதியில் சேர்வது அங்கே அவரவர் விருப்பம். ‘ஆ-காசே’ என்னும் நிதியில் நீங்களே உறுப்பினராகி, மாதக் கட்டணம் கட்டி, பொதுவாக ஒரு வருடம் கழிந்தபின்தான் பணம் கேட்கலாம். வேலை ஆட்டம் காணும்போது சேர்ந்து பயனில்லை. முதல் சம்பளத்தோடு சேருங்கள். தொழிற்சங்கமும் ஆ-காசேயும் பெரும்பாலும் ஒன்றாகவே விற்கப்படும், ஆனால் அவை வேறு வேறு. சங்கத்தில் சேர்ந்ததால் காப்புறுதி வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வரி அட்டை இல்லாதவருக்கு அங்கே பிடிப்பு 55%. சுவீடனிலும் வேலையிழப்பு நிதியில் உங்களைத் தானாகச் சேர்க்கமாட்டார்கள்.

ஜேர்மனியில் எல்லாம் சந்தாக் கணக்கு. மருத்துவக் காப்பு நிதியை, அதாவது ‘கிரான்கன்காஸ’வை, நீங்களே தெரிவு செய்ய வேண்டும். அடிப்படைச் சந்தா 14.6%, மேலதிகச் சந்தா வேறு. இரண்டையும் முதலாளியும் நீங்களும் பாதிபாதி கட்டுகிறீர்கள். வேலையிழப்புப் பணத்துக்கு 30 மாதத்தில் 12 மாதச் சந்தா வேண்டும். வேலை முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே பதியுங்கள்; திடீரென நிறுத்தினால் தெரிந்த மூன்று நாளுக்குள். தாமதித்தால் ஒரு வாரப் பணம் போகும். நீங்களாகத் தகுந்த காரணமின்றி விலகினால் பொதுவாக 12 வாரப் பணம் போகும்.

இனி விசா. சந்தாவாலும் வேலையாலும் வரும் காப்புறுதிப் பணமும், வறுமைக்காகக் கேட்கும் உதவியும் குடிவரவு அலுவலகத்தின் கண்ணில் ஒன்றல்ல. நோர்வேயில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் முந்தைய 12 மாதத்தில் சமூக உதவிப் பணம் வாங்கியிருந்தால் பொதுவாக மறுப்பு வரும். குடும்பத்தை அழைப்பதற்கும் அதே தடை. பிள்ளைக் கொடுப்பனவும் நோய்ச்சம்பளமும் அதில் சேராது.

பிரிட்டனில் விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்ற நிபந்தனை இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் என்னும் வருமான உதவி, பிள்ளைக் கொடுப்பனவு இரண்டையும் கேட்கக்கூடாது. கேட்டால் விசாவே ஆபத்தில் விழும். அரசுப் பாடசாலையும் என்.எச்.எஸ். என்னும் அரச மருத்துவ சேவையின் வைத்தியமும் பொது நிதியாகக் கணக்கிடப்படுவதில்லை. வைத்தியத்துக்குப் பெரும்பாலான விசாக்காரர் ஆண்டுக்கு 1,035 பவுண் முன்கூட்டியே கட்டித்தான் வருகிறார்கள். ஆகவே குடும்ப வைத்தியரிடம் பதியத் தயங்காதீர்கள், வந்த வாரமே பதியுங்கள்.