16 பிட் எண்ணை அனுப்பலாம், கூட்டும்போதுதான் கவனம்

மட்டக்களப்பு வாவியில் மாரி மழைக்கு நீர் எப்படி ஏறும் என்று கணிக்க, தம்பிமார் இருவர் இரண்டு கணினிகளை இணைத்து, கணினிகள் ஒன்றோடொன்று தரவு பரிமாற உதவும் எம்பிஐ (MPI) எனும் தரத்தில் ஒரு நிரல் எழுதியிருந்தார்கள். 32 பிட் எண்களை 16 பிட்டாகச் சுருக்கினால் நெட்வேர்க்கில் போகும் சுமை பாதியாகும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு கணினிக்கும் பொதுவான எல்லைக் கட்டத்தில், ஆளுக்கு 1 மீட்டர் சேர்ந்து 2 மீட்டர் வரவேண்டிய இடத்தில், 32768 மீட்டர் தண்ணீர் நின்றது.

2021இல் வந்த எம்பிஐ 4.0 தரத்தில்கூட அரைத்துல்லிய மிதவைப்புள்ளி எண்ணுக்கு, அதாவது 16 பிட்டில் எழுதும் தசம எண்ணுக்கு, தனி வகை இல்லை. இரண்டும் 16 பிட்தானே என்று, ஷார்ட் எனும் முழு எண் வகையைக் கொடுத்து, எல்லாக் கணினிகளின் எண்களையும் சேர்த்து விடையை எல்லாவற்றுக்கும் தரும் ஆல்ரெடியூஸ் செயலில் கூட்டியிருக்கிறார்கள். தாளை எடுத்து எழுதிப் பார்த்தோம். அரைத்துல்லியத்தில் 1.0க்குரிய பிட்களை முழு எண்ணாக வாசித்தால் 15360. இரண்டு முறை கூட்டினால் 30720. அந்தப் பிட்களைத் திரும்ப மிதவைப்புள்ளியாக வாசித்தால் 32768. பிழைச் செய்தி ஒன்றுகூட வராது, அதுதான் ஆபத்து. வெறுமனே அனுப்பவும் வாங்கவும் மட்டுமென்றால் பைட் வகையே போதும். கூட்டலுக்கு ஆகாது.

எம்பிஐ தரத்தைச் செயல்படுத்தும் நூலகங்களான ஓபன் எம்பிஐ, எம்பிஐசிஎச் இரண்டின் புதிய பதிப்புகளிலும் இதற்கென, தரத்தில் இல்லாத நீட்சி வகை உண்டு. கம்பைலரும் ஆதரித்தால்தான் அது கிடைக்கும். உங்கள் கணினியில் ஓடியது என்பதற்காக ஆய்வுகூடத்தில் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, வகை கிடைத்துவிட்டது, அல்லது கூட்டும் செயலை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு குழி இருக்கிறது, என் பார்வையில் இதுதான் பெரியது. அரைத்துல்லியத்தில், எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் பின்னப் பகுதிக்கு 10 பிட்தான். 2048உடன் 1ஐக் கூட்டினால் விடை 2048தான். ஒன்றுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூட்டினால் 4096ஐயும் தாண்டும். எந்த வரிசையில் கூட்டுவது என்பதை நூலகமே தீர்மானிப்பதால், கணினிகளின் எண்ணிக்கை மாறினால் விடையும் மாறலாம்.

வாவிக் கணக்கில் இது நேராகவே இடித்தது. மணிக்கு 30 மில்லிமீட்டர் மழை என்றால் 10 விநாடியில் சேருவது 0.083 மில்லிமீட்டர். 1 மீட்டருக்கு மேல் அடுத்தடுத்த இரண்டு அரைத்துல்லிய எண்களுக்கு இடைவெளியே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதனால் எவ்வளவு நேரம் மழை பெய்தாலும் வாவி ஏறவில்லை! நீர்மட்டத்தை 32 பிட்டிலேயே வைத்து, அனுப்பும்போது மட்டும் சுருக்கச் சொன்னேன். வாங்கிய பக்கம் திரும்ப 32 பிட்டாக்கிக் கூட்ட வேண்டும்.

சராசரி எடுப்பவர்கள் 65504 என்ற உச்ச எல்லையையும் மறக்கக் கூடாது. 40 கணினிகள் தலா 2000 அனுப்பினால் கூட்டுத்தொகை முடிவிலி ஆகிவிடும், பிறகு 40ஆல் வகுத்தாலும் முடிவிலிதான். முதலில் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள், மிகச் சிறிய எண்கள் பூச்சியமாகிவிடாத அளவுக்கு.

பிஃப்ளோட்16 எனும் இன்னொரு மிதவைப்புள்ளி வடிவமும் 16 பிட்தான். ஆனால் அதில் எண்ணின் பருமனைக் காட்டும் அடுக்குக்கு 8 பிட், பின்னத்துக்கு 7. ஒரு பக்கம் அதில் அனுப்பிய 1.0ஐ மறுபக்கம் அரைத்துல்லியமாக வாசித்தால் 1.875 வரும். பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய தரவை ஓடவிடும் முன், எல்லாக் கணினிகளிலிருந்தும் 1.0ஐ மட்டும் அனுப்பிக் கூட்டிப் பாருங்கள்.