வாரண்டியில் போனைக் கொடுக்கும் முன்

*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்; இரட்டை சிம் என்றால் இரண்டு வரும்) பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சூட்டில் அச்சாகும் தெர்மல் பில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். அதே போனில் வைத்து என்ன பயன், ரிப்பேருக்குப் போவதே அதுதானே!

சிம் ட்ரேயை உருவி உள்ளே டார்ச் அடியுங்கள். பல மாடல்களில் அங்கே வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். சிவந்திருந்தால் தண்ணீர் பட்டதென்று வாரண்டியை மறுப்பார்கள்.

போனை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில்தான் கோட்டை விடுகிறோம். 'போன் வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். 'சார்ஜ் ஏறவில்லை, டிஸ்ப்ளேயில் கீறலோ விரிசலோ இல்லை' என்று எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வரும்போது கீறல் இருந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. இழுத்தடித்தால் ஜாப் ஷீட் எண்ணோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.