ட்ரைலோபைட் தேட சாய்வெயிலே நல்லது

ட்ரைலோபைட் (பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன, ஓடுள்ள கடலுயிரி) புதைபடிவம் தேடப் போனால் உச்சி வெயிலை விட்டுவிட்டு, காலையிலோ மாலையிலோ சாய்வாக விழும் வெயிலில் கற்களைப் பாருங்கள். நேரம் அமையவில்லையா, ஒரு சின்ன டார்ச் போதும். கல்லை உங்கள் நிழலில் வைத்து, டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, கல்லை மெதுவாகத் திருப்புங்கள்.

பெரும்பாலும் படிவமும் பாறையும் ஒரே நிறம். வெளிச்சம் நேர்மேலிருந்து விழுந்தால் எல்லாம் வெறும் சாம்பல் தகடுதான். பக்கத்திலிருந்து விழும்போது உடலின் மூன்று மடல்களும், அவற்றின் குறுக்கே வரிவரியாக ஓடும் கணுக்களும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். விரல்நகம் அளவு வால்துண்டுகூடச் சட்டென்று கண்ணில் படும். எந்தக் கல்லைத் தூக்கிச் செல்வது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும் (முதுகு நன்றி சொல்லும்).

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் வீலர் ஷேல் என்ற களிப்பாறை அடுக்கு போன்ற இடங்களில் இது அவ்வளவு தேவைப்படாது. அங்கே கிடைக்கும் எல்ராத்தியா என்ற ட்ரைலோபைட் வகை கருப்பாக இருப்பதால் சாம்பல் கல்லில் நட்டநடு மதியத்திலும் தெரியும். இன்னும் பிளக்காத கல்லுக்குள் இருப்பதை எந்த வெளிச்சமும் காட்டாது. அப்புறம், தண்ணீரில் உருண்டு வழவழப்பான கல்லில் நிழல் விழ மேடே இருக்காது. அதை நனைத்துப் பார்ப்பதுதான் சரி.