பழைய புத்தகமா? முதலில் அச்சுக்கூடத்தைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், எனாமல் தட்டுகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே பழைய புத்தகக் கட்டு கண்ணில் பட்டால், தலைப்பைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதல் ஏட்டின் அடியிலும் பின்புறமும் அச்சுக்கூடத்தின் பெயர், ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து நேராகக் கடைசிப் பக்க விளம்பரம். ஒரு கட்டையே சீக்கிரம் சலித்துவிடலாம்.

1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் புத்தகத்தில் போட்டே ஆகவேண்டியிருந்தது. அதனால் யாரும் சீண்டாத பக்திப் பாடல் நூல்கூட உள்ளூர் அச்சகம் ஒன்றுக்குச் சாட்சி. ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ என்று பத்திரிகை நடத்தியவர்களின் ஊராயிற்றே, தேடினால் ஏதாவது அகப்படும். விளம்பரத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பக்கத்துக் கோட்டையூரில் பழைய நூல்களைச் சேகரித்த ரோஜா முத்தையா நோட்டீஸ், அழைப்பிதழ் வரை சேர்த்து வைத்தவர்.

ஆண்டுதான் தகராறு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்; வெறும் ‘பிரபவ’ என்றிருந்தால் 1867, 1927, 1987 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். விலை அணாவில் இருந்தால் கடைசி ஆண்டைத் தள்ளிவிடலாம், 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது.

முதல் ஏடு கிழிந்த பிரதிக்கு இந்த வழி உதவாது. பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போட்ட மறுபதிப்பிலும் ஏமாறுவீர்கள்: அச்சகப் பெயர் பழசு, தாள் பளபளவென்று புதுசு. தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.