முழங்கால் தையலுக்கு ஏழாம் நாள் கணக்கு வேண்டாம்

சிங்கப்பூரில் பிள்ளை விழுந்து ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்கட்டும், டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்பார்கள். இந்த இடம்வரை எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்கிறோம், தையல் பிரிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

என் மகனுக்கு ஆறு வயது. எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலில் ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய தாளில் தையல் பிரிக்க 14 நாள் என்று போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. எட்டாம் நாள் ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில், "ஏழு நாள் தாண்டிருச்சேடி, இன்னுமா பிரிக்கல?" என்றாள். எங்கள் தெருவில் கம்பவுண்டர் மாமா ஐம்பது ரூபாய்க்குப் பிரித்துவிடுவார். இங்கே கிளினிக்குக்கு டாலர் டாலராக அழ மனசில்லாமல், புருவம் திருத்தும் கத்தரியை வெந்நீரில் போட்டு நானே உட்கார்ந்தேன். மூன்று பிரித்ததும் பிள்ளை கத்த ஆரம்பிக்கவே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஷூ மாட்டக் குத்தவைத்து உட்கார்ந்தான். காயம் வாயைத் திறந்துகொண்டது.

முகத்துத் தையலை ஐந்து நாளில் பிரிப்பார்கள், தலையில் 7 முதல் 10 நாள். முழங்கால் மடங்கும்போதெல்லாம் தோல் இழுபடும், அதனால்தான் 14. பிளந்ததை மறுபடி தைக்கவில்லை; அடியிலிருந்து தானாக மூடட்டும் என்று மூன்று வாரம் கட்டு மாற்றினோம். மிச்சமிருந்த இரண்டை அரசு பாலிகிளினிக் நர்ஸ் பிரித்ததைப் பார்த்தேன். முடிச்சை இடுக்கியால் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுத்தார். வெளியே அழுக்குப்பட்ட நூல் சதைக்குள் போகக் கூடாதாம். நானோ முடிச்சையே வெட்டி, அழுக்கு நூலை உள்ளே இழுத்திருக்கிறேன்!

பாலிகிளினிக்குக்கு ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்யுங்கள், அந்தத் தாளையும் எடுத்துப்போங்கள். டிபெண்டன்ட் பாஸ் (பெற்றோர் வேலை அனுமதியைச் சார்ந்த விசா) பிள்ளைக்கு மானியம் கிடையாது, பரவாயில்லை, கொடுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது, தையல் பிரிக்கும்வரை நீச்சல் குளம் பக்கமே விடாதீர்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

சுண்டுவிரல் அகலத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. கத்தரி விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "சிங்கப்பூர் டாக்டர் தையல் போட்ட லட்சணத்தைப் பாரு" என்கிறாள்.