விண்டோஸ் 11க்கு மாத்துனதும் பிரிண்டர் வேலை செய்யலையா? நான் சரிபண்ணது இப்படி

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடியுதுன்னு கடை கம்ப்யூட்டரை 11க்கு மாத்துனேன், அதுலேர்ந்து பழைய லேசர் பிரிண்டர் மொரண்டு பிடிக்குது. பிரிண்ட் குடுத்தா க்யூல எரர்னு நிக்கும், கேன்சல் பண்ணாலும் போகாது. செட்டிங்ஸ்ல ரிமூவ் பண்ணி திரும்ப சேர்த்தாலும் அதே பழைய டிரைவரத்தான் (பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) எடுக்குது, ஏன்னா அங்க போறது பிரிண்டர் மட்டும்தான், டிரைவர் உள்ளயே கெடக்கும், நெறைய பேரு இத கவனிக்கிறதில்ல.

சர்வீசஸ்ல பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை க்யூல வச்சு அனுப்புறது) ஸ்டாப் பண்ணி, சிஸ்டம்32ல ஸ்பூல் உள்ள இருக்குற பிரிண்டர்ஸ் ஃபோல்டரை காலி பண்ணிட்டு (ஃபோல்டரையே அழிச்சிராதீங்க) மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். அப்புறம் யூஎஸ்பி கேபிளை உருவிட்டு, பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர்ஸ் டேப் போய் டிரைவர், பேக்கேஜ் (அதோட இன்ஸ்டால் ஃபைலுங்க) ரெண்டையும் தூக்குனேன். புது 64 பிட் டிரைவர் எறக்கி இன்ஸ்டால் பண்ணி, அது கேக்கும்போது கேபிளை சொருகுனேன், டெஸ்ட் பேஜ் பளிச்சுன்னு வந்துருச்சு.